காச வேஷத்தில் வரும் பூஞ்சை

(ரந்தாவ் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருமல் நீடித்தால் காசமோ என்று அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் காசத்தைப் போலவே வேஷம் போட்டு வரும் இன்னொரு நோயும் உண்டு.

1905-ஆம் ஆண்டு, பனாமாக் கால்வாய் வெட்டிய காலம். மார்த்தினிக் தீவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். டாக்டர் சாமுவேல் டார்லிங் உடலை அறுத்துப் பார்த்தார். நுரையீரலெங்கும் சிறுசிறு முடிச்சுகள். காசம் என்றே தோன்றியது. நுண்ணோக்கியில் பார்த்தால் காசக் கிருமி இல்லை! உயிரணுக்களுக்குள் வேறு ஏதோ நிறைந்திருந்தது. அது பூஞ்சை என்பது பிறகே தெளிவாயிற்று. அதன் பெயர் ஹிஸ்டோபிளாஸ்மா. அதே டார்லிங், முதல் உலகப் போர்க் காலத்தில், கொக்கிப்புழு நோயை ஆராய மலாயாவுக்கும் வந்தார்.

அது எங்கோ பனாமாவில் என்று எண்ண வேண்டாம். மத்திய மலாயாவில் ஒரு குகை மண்ணிலும் இப்பூஞ்சை இருப்பதை 1963-இல் பொன்னம்பலம் என்ற ஆய்வாளர் வெளியிட்டார்.

வௌவால், கோழி ஆகியவற்றின் எச்சம் படிந்த மண்ணில் இது வளரும். காய்ந்த மண்ணைக் கூட்டினால் தூளாய்ப் பறந்து மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலின் காவற்காரர்களான வெள்ளணுக்கள் அதை விழுங்கும். ஆனால் உடனே கொல்ல முடிவதில்லை. விழுங்கியவன் வயிற்றுக்குள்ளேயே எதிரி பெருகுகிறான்! சில வாரங்களில் வேறு வெள்ளணுக்கள் துணைக்கு வந்து வலுவூட்டுகின்றன. அப்போது எதிரியைச் சுற்றி எல்லோரும் கைகோத்து மதில் எழுப்புகிறார்கள். அதுதான் அந்த முடிச்சு. நாளடைவில் சுண்ணாம்பு படிந்து தழும்பாகும். பலருக்கு நோய் அத்தோடு அடங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ மதில் நிற்காது. பூஞ்சை உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

காசக் கிருமிக்கும் நுரையீரல் இதே போன்ற மதிலைத்தான் கட்டுகிறது. ஆகவே எக்ஸ்ரே படம் மட்டும் போதாது. காச மருந்து பூஞ்சையைக் கொல்லாது. அதற்கு வேறு மருந்து உண்டு.

தோழர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். காச மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்குக் குணம் தெரியாவிட்டால், கோழிக் கொட்டகையிலோ வௌவால் அடைந்த கட்டடத்திலோ வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லி, பூஞ்சைச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். எச்சத்தை நனைத்த பிறகே கூட்டுங்கள். நல்ல முகக்கவசம் கேளுங்கள். தொழிலாளியின் உடல்நலம் காப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேட்பது பிச்சையல்ல, உரிமை.