உள்ளத்தை ஆற்றும் வழிகள்

உடலிலே நோய் என்றால் மருத்துவரை நாடிச் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. பல் வலித்தால் பல் மருத்துவர், கண் மங்கினால் கண் மருத்துவர் என்று விசாரித்துச் செல்கிறோம். உள்ளத்திலே நோவு உண்டாயின் மட்டும் அதை வெளியே சொல்ல நா எழுவதில்லை. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இந்தத் தயக்கத்தோடு இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கிறது. எந்த மொழியில் சொல்வது என்பதே அந்தத் தடை. உள்ளத்தின் நோவுக்கு அறிஞர்கள் கண்டிருக்கும் பேச்சு வழிச் சிகிச்சைகள் யாவை, அவை எவ்வாறு தம்முள் வேறுபடுகின்றன, நம்மைப் போன்றோர்க்கு அவை எவ்வாறு பயன்படும் என்பவற்றை இன்று சற்றே ஆராய்வோம்.

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே இருக்கிறது மயூர் விஹார். தமிழர் பலர் இங்கே அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். மாலையில் உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்குச் சென்றால் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். நம்மிடையே காணக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையன்று. விளக்கத்துக்காக நாமே கற்பித்துக்கொள்ளும் சான்று.

கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் நாற்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர் ஓர் அம்மையார். கணவர் காலமானார். ஒரே மகன் ஊர் வீட்டை விற்றுவிட்டுத் தாயைத் தம்மோடு மயூர் விஹாருக்கு அழைத்துவந்தார். வீடு நான்காம் மாடியில். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் திரும்புவார்கள். பேரனுக்கு இந்தியும் ஆங்கிலமும் வருமேயன்றித் தமிழ் சரளமாக வராது. சில மாதங்களில் அம்மையாருக்கு உறக்கம் குறைந்தது, உணவு இறங்கவில்லை, நெஞ்சு படபடத்தது. மின்தூக்கியில் ஏறவும் தெருவில் நடக்கவும் அஞ்சலானார். மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்தார்கள், குறையொன்றும் தென்படவில்லை. “மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்” என்றார் மருத்துவர். வீடு திரும்பியதும் அம்மையார் கேட்டது ஒன்றுதான்: “ஏன்டா, எனக்கென்ன பைத்தியமா?”

பைத்தியம் அன்று. துயரமும் தனிமையும் அச்சமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு நிலை அது. இந்த அம்மையார் வெவ்வேறு கொள்கையினரான நான்கு சிகிச்சையாளர்களிடம் சென்றால் என்ன நிகழும் என்று பார்ப்போம்.

முதலாமவர் உளப்பகுப்பாய்வு நெறியினர். வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) வகுத்த நெறி இது. நாம் அறிந்த மனத்துக்கு அடியில் நாம் அறியாத மனம் ஒன்று உண்டு. ஏற்கமுடியாத ஆசைகளும் சினங்களும் அங்கே அமுக்கப்படுகின்றன. அமுங்கியவை நோய்க்குறிகளாக வேறு வேடத்தில் வெளிவருகின்றன என்பது அவர் கொள்கை. நோயாளி மனத்தில் தோன்றுவதை எல்லாம் தடையின்றிச் சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் கேட்டு, இடமறிந்து பொருள் கூறுவார். நம் அம்மையார் மகனைப் புகழ்ந்தே பேசுகிறார். ஆனால் விற்ற வீட்டின் கிணற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. சொல்லமுடியாத சினம் ஒன்று அங்கே இருக்கிறதா என்று இந்நெறியினர் தேடுவர். ஆழமான முறைதான். ஆனால் பழைய வடிவில் வாரத்துக்குப் பலமுறையாக ஆண்டுக்கணக்கில் நடப்பது. காலமும் பொருளும் மிகுதியாக வேண்டுவது. இதனைச் சுருக்கிய முறைகளும் இன்று வழக்கில் உள்ளன.

இந்நெறி நம் நாட்டுக்குப் புதியதன்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922-ஆம் ஆண்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த அவர், ஆசான் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றவர் அல்லர். ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்றும் மனத்தில் உடனிருக்கிறது என்ற தம் சொந்தக் கொள்கையை முன்வைத்தார். மகனோடு இருக்கவும் வேண்டும், ஊருக்குப் போய்விடவும் வேண்டும் என்று தவிக்கும் தாயை நினைத்துப் பார்த்தால் போஸின் கருத்து நமக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாமவர் நடத்தை நெறியினர். ‘அடிமனத்தை ஏன் தோண்ட வேண்டும்? அச்சம் கற்றுக்கொண்ட பழக்கம். கற்றதை மாற்றிக் கற்கலாம்’ என்பார் இவர். 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனுக்கு விருப்பமான தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். பின்னர் ஜோசப் வோல்ப்பி 1958-இல் வெளியிட்ட நூலில் இதையொத்த படிப்படியான முறையை விரிவாக வகுத்தார். நம் அம்மையாருக்கு இவர் வகுக்கும் திட்டம் எளிது. முதல் வாரம் மின்தூக்கியின் வாயில் வரை; அடுத்த வாரம் பேரனோடு கீழ்த்தளம் வரை; பிறகு பால் கடை; பிறகு கோயில். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானே தணியும் வரை நிற்க வேண்டும்.

சோர்வுற்றவரை மீண்டும் பயனுள்ள செயல்களில் ஈடுபடுத்துவதும் இந்நெறியின் ஒரு கிளையே. கோவாவில் 1996-இல் தோன்றிய சங்காத் என்ற அமைப்பினர் இக்கிளையைச் சார்ந்த முறை ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்தார்கள். கடுமையான மனச்சோர்வு கொண்ட ஏறத்தாழ 500 பேர் அதில் பங்கு பெற்றனர். சிகிச்சை அளித்தோர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகளே நடந்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் மிகுதியாகக் குணமடைந்தனர் என்று 2017-இல் வெளியான முடிவுகள் காட்டின.

மூன்றாமவர் சிந்தனை நெறியினர். ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களிலும், ஆரன் பெக் (1921–2021) 1960-களிலும் இந்நெறியை வளர்த்தனர். பெக் உளப்பகுப்பாய்வில் பயின்றவர். சோர்வுற்ற நோயாளிகளின் மனத்தில் ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது போன்ற எண்ணங்கள் தாமே விரைந்து தோன்றி மறைவதைக் கண்டு, அவ்வெண்ணங்களையே சிகிச்சையின் களமாகக் கொண்டார். ‘நான் இவர்களுக்குப் பாரம்’ என்பது நம் அம்மையாரின் எண்ணம். அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்து ஆராய்வார். பேரன் இவர் கையால்தான் உண்கிறான் என்பது எதிர்ச்சான்றாகலாம். ஆயினும் ஒரு குறை இங்கே நேரக்கூடும். வீட்டில் யாரேனும் உண்மையாகவே அவரைப் பாரமாக நடத்தினால், திருத்தவேண்டியது அம்மையாரின் சிந்தனையை அன்று. நல்ல சிகிச்சையாளர் இந்த வேறுபாட்டை அறிவார்.

நான்காமவர் மனிதநேய நெறியினர். கார்ல் ராஜர்ஸ் (1902–1987) இதன் தலைவர். சிகிச்சையாளர் அறிவுரை கூறுவதற்கு முந்தக் கூடாது. நாடி வந்தவரின் உணர்வை அவர் நிலையில் நின்று உணர வேண்டும். நிபந்தனையின்றி அவரை மதிக்க வேண்டும். போலியின்றி இருக்க வேண்டும். இவை வாய்த்தால் வந்தவர் தம் வழியைத் தாமே காண்பார் என்று 1957-இல் அவர் எழுதினார். இந்நெறியினரிடம் நம் அம்மையார் தாம் பட்டதைக் குறுக்கீடின்றிச் சொல்லி முடிக்கலாம். ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரும் அவர் வாயை அடைக்கமாட்டார்கள்.

இங்கே ஓர் இடர் உண்டு. நம் மக்கள் பெரியவர் ஒருவரிடம் செல்வது வழி கேட்பதற்காக. அவர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ‘இதற்கா வந்தோம்?’ என்று எழுந்துவிடுவார்கள். தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய ஜஸ்வந்த் சிங் நேக்கி இதனை நன்கு உணர்ந்தவர். குரு–சீடர் உறவே நம் நாட்டுச் சிகிச்சைக்குத் தக்க மாதிரியாகலாம் என்று 1973-இல் அவர் எழுதினார். பிறரைச் சார்ந்திருத்தல் மேலை நாட்டில் குறையாகக் கருதப்படலாம். நம்மிடையே அதுவே சிகிச்சைக்குத் தொடக்கமாக அமையக்கூடும்.

குடும்பத்தைப் பற்றியும் நம் நாட்டில் ஓர் அரிய சோதனை நடந்தது. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் 1950-களில் இடநெருக்கடி மிகுந்திருந்தது. அங்கே தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்தம் உறவினரையும் தங்கச் செய்தார். நோயின் தன்மையைக் குடும்பத்தார் கண்ணால் கண்டு கற்றனர். அச்சமும் அருவருப்பும் குறைந்தன. நோயாளிகள் விரைவில் வீடு திரும்ப அது துணை செய்தது.

இனி, இந்நெறிகளுள் எது சிறந்தது என்று கேட்கலாம். 1936-லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலறிஞர், வெவ்வேறு சிகிச்சைகள் ஏறக்குறைய ஒத்த பயனையே தருவதாகவும், அவற்றுக்குப் பொதுவான கூறுகளே அதற்குக் காரணமாகலாம் எனவும் கூறினார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இதனை ஒட்டியே சென்றன. சிகிச்சையாளருக்கும் நாடி வந்தவருக்கும் இடையே உண்டாகும் நம்பிக்கைப் பிணைப்பு எல்லா நெறிகளுக்கும் அடிப்படை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது. இதற்கு வரம்பும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளைக் கண்டு அஞ்சுவோர்க்கும், கை கழுவிக்கொண்டே இருத்தல் போன்ற பழக்கங்களில் சிக்கியோர்க்கும் அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் முறையே மிகுதியாக உதவுகிறது. மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்களுக்கோ மருந்து இன்றியமையாதது. பேச்சு அதற்குத் துணையே.

நம்பிக்கைப் பிணைப்பே அடிப்படை என்றால், அது எந்த மொழியில் பிணையும்? நம்மைப் போன்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பேச்சுச் சிகிச்சை என்ற பெயரையே ஒரு நோயாளிதான் சூட்டினார். பிராய்டின் நண்பர் பிராயர் 1880-களின் தொடக்கத்தில் சிகிச்சை செய்த இளம்பெண் அவர். 1895-இல் வெளியான நூலில் அன்னா ஓ என்ற புனைபெயரால் குறிக்கப்படுகிறார். அவர் தாய்மொழி ஜெர்மன். நோயின் ஒரு கட்டத்தில் அம்மொழி அவருக்குப் பேச வராமற்போய், ஆங்கிலம் மட்டுமே வந்தது. எந்த மொழி அவர் நாவில் இருந்ததோ அந்த மொழியிலேயே பிராயர் அவரைப் பேசவிட்டுக் கேட்டார். ஆதலால் அச்சிகிச்சை நடந்தது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? தாயோடு மகனும் மருத்துவர் அறைக்குள் சென்று மொழிபெயர்ப்பாளராக அமர்கிறார். “அப்பா போனதுலேருந்து எனக்கு எதுவுமே என்னுது இல்லாத மாதிரி இருக்குடா” என்கிறார் தாய். “கப்ராஹட் ஹை” என்று இந்தியில் சொல்கிறார் மகன். பதற்றம் என்ற பொருளில் ஒரு சொல் போய்ச் சேருகிறது. மற்றவை மகனோடு நின்றுவிடுகின்றன. ஊர் வீட்டை விற்றது தமக்குப் பிடிக்கவில்லை என்பதை, விற்ற மகனையே தூதாக வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வார்? நால்வகை நெறியும் அந்த அறையில் பயனற்றுப் போகின்றன. மகன் மீது குற்றம் இல்லை. அன்பினால்தான் உடனிருக்கிறார். ஆனால் அந்த அன்பே திரையாகிவிடுகிறது.

ஆகவே தமிழறிந்த சிகிச்சையாளரைத் தேடுவதே முதற்கடமை. நேரில் கிட்டாவிடில், தமிழ்நாட்டில் உள்ள ஒருவரிடம் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ அம்மையார் தனித்துப் பேச வழிசெய்யலாம். மருத்துவர் அறையில் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தால் குடும்பத்தைச் சாராத ஒருவர் அமர்வது நன்று. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அச்சேவை வழங்கப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்று. நம் கிழக்குத் தில்லிப் பகுதியினர்க்கு தில்ஷாத் கார்டனில் மனித நடத்தை மற்றும் அதனைச் சார்ந்த அறிவியல்களுக்கான அரசு நிறுவனம் இருக்கிறது. இப்ஹாஸ் என்று கேட்டால் வழி சொல்வார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் பேச்சில் தலைகாட்டினால் நாளை என்று தள்ளாமல் அன்றே உதவியை நாட வேண்டும்.

ஈழத் தமிழர் இத்தகைய பணியை ஆற்றுப்படுத்தல் என்கிறார்கள். பொருத்தமான சொல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன் வறுமையில் வாடும் இன்னொருவனை எதிர்ப்பட்டுத் தான் சென்ற வழியைச் சொல்வது அவ்விலக்கியத்தின் அமைப்பு. வழி சொல்பவன் உடன் நடப்பதில்லை. கேட்டவனே நடந்தாக வேண்டும். ஆனால் வழி கேட்டவனுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். இன்று மாலை வீடு திரும்பியதும் நம் பெற்றோர் அருகே அரைமணி நேரம் அமர்ந்து, பதில் சொல்ல அவசரப்படாமல், அவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்போம். நம்மிடம் சொல்லமுடியாதது ஏதோ இருக்கிறது என்று தோன்றினால், அதைச் சொல்லத்தக்க ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்று, நாம் அறைக்கு வெளியே காத்திருப்போம்.