தொழிலாளர் இல்லமும் மரபுச் செல்வமே

மட்டக்களப்பு என்றதும் புளியந்தீவிலுள்ள கோட்டை பலரது நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டில் கட்டி, ஒல்லாந்தர் 1638 ஆம் ஆண்டில் கைப்பற்றிய அக்கோட்டை வாவிக் கரையில் இன்றும் நிற்கின்றது. அதனைப் பேணவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், உழைப்பாளி ஒருவர் குடியிருந்த சிறு வீட்டையும் அவ்வாறே பேணவேண்டுமா என்று கேட்டால், விடை அத்துணை விரைவில் வருவதில்லை.

ஒரே கூரை, நடுவே ஒரு பொதுச்சுவர், அதன் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த இரு வீடுகள். தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட இரட்டை வீட்டின் அமைப்பு இதுவேயாகும். செங்கல்லிலும் ஓட்டிலும் நிலத்திலும் செலவைக் குறைக்கக் கருதிய முதலாளிகளும் அரசாங்கங்களும் பல நாடுகளில் இவ்வகை வீடுகளைக் கட்டின. ஒரு குடும்பத்துக்கு எத்தனை அடி நிலம் போதும் என்று அவர்கள் கணித்தார்கள், அடுப்புக்கு எவ்விடத்தை ஒதுக்கினார்கள் என்பனவற்றை அவ்வீடுகளின் சுவர்களே சொல்லும். அரசர்களின் கல்வெட்டுகளில் இச்செய்திகள் கிடைப்பதில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்திலும் உழைப்பின் வரலாறு உண்டு. புகையிரதப் பாதை 1928 ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் முயற்சி தொடங்கப்பட்ட வாழைச்சேனைக் காகித ஆலை, 1956 ஆம் ஆண்டில் உற்பத்தியை ஆரம்பித்தது. கிழக்கிலங்கை வயல்களின் வைக்கோல் அங்கே காகிதமாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கு ஒருங்கே உழைத்தனர். பின்னாளில் போரினாலும் இயந்திரங்களின் முதுமையினாலும் உற்பத்தி பலகாலம் தடைப்பட்டது. ஆலை ஓய்ந்தால் இயந்திரத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுவர். ஊழியர் விடுதிகளைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே.

சட்டமும் இவ்வீடுகளுக்கு எளிதில் துணை நிற்பதில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாகக் கொள்கின்றது. அதற்கு முற்பட்ட கட்டடமே புராதனச் சின்னமாகக் கருதப்படும். பிற்பட்ட கட்டடமாயின், அதனைக் காப்பதற்குத் தனிக் கட்டளை வேண்டும். இந்நாட்டின் புகையிரதமும் தோட்டங்களும் ஆலைகளும் அத்திகதிக்குப் பின்னரே தோன்றின. ஆகவே, அவற்றில் உழைத்தோரின் இல்லங்கள் யாவும் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன.

எனினும், வழி இல்லாமற் போகவில்லை. மலையகத்தில், கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலுள்ள பழைய லயம் 2007 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றப்பட்டது. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அளவான அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது என்று நூலிற் படிப்பது வேறு. அத்தகைய காம்பிராவுக்குள் நின்று பார்ப்பது வேறு. இங்கிலாந்தில் 1851 ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய சால்ட்டயர் என்னும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பை, யுனெஸ்கோ 2001 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இதனால், பழைய விடுதிகள் அனைத்தையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது பொருளன்று. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்வோரிடம் சென்று மரபின் பெருமை பேசுதல் முறையாகாது. அவர்களுக்கு நல்ல வீடு வேண்டும். ஆனால், ஒரு வரிசையை இடிக்குமுன் அதில் ஒரு வீட்டையேனும் விட்டுவைக்கலாம். அதுவும் இயலாதாயின், அளந்து வரைபடம் எழுதலாம், நிழற்படம் எடுக்கலாம், அங்கு வாழ்ந்த முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் எந்த வீட்டின் கூரை பறந்தது, நடுச்சுவருக்கு அப்பால் இருந்தவர் எவ்வாறு அடைக்கலம் தந்தார் என்பதை அவர்களே சொல்ல வல்லவர்கள். இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரும் சில மாணவரும் ஓர் அளவுநாடாவும் போதும்.

கோட்டை, ஆண்டவர்களின் வரலாற்றைச் சொல்கின்றது. உழைத்தவர்களின் வரலாற்றைச் சொல்ல அவர்களது வீடே சான்று. அச்சான்று அழிந்தபின் அதனை மீண்டும் கட்டி எழுப்புதல் எவராலும் இயலாது.