புல்லட்டுக்கு டேப்பட் பார்க்கும் நேரம்

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிப் போகும் செங்கம் சாலையில் பழைய புல்லட்டின் ‘டுப் டுப்’ ஓசை புதிதல்ல. 1955-இல் சென்னை என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தோடு நம் நாட்டில் வேரூன்றிய வண்டி அது.

அந்த ஓசைக்கு ஊடே ‘டிக் டிக்’ என்று தட்டினால், வால்வை இயக்கும் டேப்பட் தளர்ந்திருக்கலாம். காதுக்குத் தொந்தரவு, ஆனாலும் எச்சரித்துவிடுகிறது. இறுகிய டேப்பட்தான் பொல்லாதது, சத்தமே காட்டாது. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். சூடான வண்டி கிக்கருக்கு மசியாது. விட்டால் வால்வே கருகும்.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைச் சுற்றிய கையோடு மெக்கானிக்கிடம் நிறுத்தினால் அளவு தப்பிவிடும். முந்தின இரவே விட்டுவருவது உத்தமம்.

பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில், வலப்பக்க மூடியைக் கழற்றிப் புஷ்ராடை விரலால் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பழைய இரும்பு எஞ்சினுக்கு இவ்வளவுதான் கணக்கு.

2009-இல் வந்த கிளாசிக் மாடலில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருப்பதால், அதற்கு இந்த வேலை கிடையாது.