முன்னோர் வைத்துச் சென்ற பொருள்கள்

ஊர்விட்டு ஊர் மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தார், கட்டில் மேசைகளை விற்றுவிட்டுப் புறப்பட்டாலும், ஒரு டிரங்குப் பெட்டியை மட்டும் உடன் கொண்டு செல்வர். பாட்டியாரின் கூறைப் புடவை, பாட்டனாரின் கடிதங்கள், மங்கிய சில புகைப்படங்கள் ஆகியவை அதனுள் இருக்கும். விலை பேசினால் அற்பம்; இழந்தால் மீட்க ஒண்ணாதவை.

நம் வீட்டில் நேர்ந்ததொன்றைக் கூறுவோம். தந்தையாரின் கடிதங்கள் மடிப்பில் கிழியத் தொடங்கின. காக்கும் எண்ணத்துடனேயே ஒட்டுநாடாவால் ஒட்டினோம். சில ஆண்டுகளில் நாடா உலர்ந்து உதிர்ந்தது. பசையோ தாளில் ஊறிப் பழுப்பேறி எழுத்தை மறைத்தது. கிழிந்திருந்தபோது படிக்க முடிந்த கடிதம், ஒட்டிய பின் படிக்க முடியாததாயிற்று. பின்னர் நீக்க இயலாத எதனையும் செய்யலாகாது என்பது ஆவணக் காப்பாளர் போற்றும் விதி. அதனை நாம் காலங்கடந்தே அறிந்தோம்.

கடிதங்களை மடிப்பு நீக்கி, குண்டூசிகளைக் களைந்து, தட்டையாக வைத்தல் நலம். குண்டூசியின் துரு தாளை அரிக்கும். புகைப்படங்களை ஓரம் பற்றியே எடுத்தல் வேண்டும். விரல்பட்ட இடம் நாளடைவில் கறைபடும்.

பட்டுப்புடவையைத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து வைக்கலாம். சில திங்களுக்கொருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுதல் இன்றியமையாதது. ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அம்மடிப்பிலேயே இற்றுப்போகும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் இடுக, ஜரிகையில் படலாகாது.

டில்லியில் மே, ஜூன் மாதங்களின் அனற்காற்றில் தாள் உலர்ந்து சுருங்குகிறது. தொடரும் மழைக்கால ஈரத்தில் விரிகிறது. ஆதலின் பெட்டியைப் பரண்மீதோ வெறுந்தரையிலோ வையாமல், வெயில்படாத உள்ளறையில், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி, பலகைமேல் வைத்தல் தகும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? நம் பெட்டியில் ஒரு புகைப்படம் உண்டு. கைக்குழந்தையுடன் ஓர் அம்மையார் நிற்கிறார். படம் சிறிதும் பழுதுபடவில்லை. அவர் யாரென்று சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரும் இன்று இல்லை. பொருளைக் காத்த நாம், கேட்டு எழுதி வைக்க மறந்தோம்.

ஆகவே, வீட்டில் முதியோர் இருப்பின் பெட்டியை அவர்முன் இன்றே திறந்து வையுங்கள். ஒவ்வொரு பொருளும் யாருடையது, எப்போது வந்தது என்று கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் பெயரைக் குறித்து வையுங்கள். வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் தமிழ் படிக்க அறியாராயின், அவர்கள் அறிந்த மொழியிலும் எழுதி வையுங்கள். பெட்டி நாளை அவர்கள் கைக்கே செல்லவிருக்கிறது.