முதலாண்டில் பழகும் கை



பல்கலைக்கழகத்தில் நாட்டுப் பாதுகாப்புக் கல்வி பயிலச் சென்ற பிள்ளை முதலாண்டில் குறைந்த புள்ளி பெற்றால் மனங்கலங்க வேண்டா. மனனம் அங்கே போதாது. இலண்டன் கடற்காப்புறுதியாளர் குழு 2005இல் மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்து, 2006இல் நீக்கியது. ஏன் நீக்கியது என வினா வரலாம். 2004இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் தொடங்கிய சுற்றுக்காவலாலா? 2005இல் தொடங்கிய வான்வழிக் கண்காணிப்பாலா? அறிக்கை கூறுவது எது, நாளிதழ் கூறுவது எது, தம் ஊகம் எது எனப் பிரித்து, ஒரே பக்கத்தில் எழுதவேண்டும். பிற்காலத்தில் அதைப் படிக்கும் அதிகாரிக்கு அவ்வளவே நேரமிருக்கும். ஆசிரியனாயிருந்த காலத்தில் நானோ நீண்ட கட்டுரைக்கே புள்ளிகளை வாரி வழங்கினேன்!

பட்டையில் காயம்படாமல் பால் வெட்ட உங்கள் கைக்கும் மாதங்கள் பிடித்தன அல்லவா? விடுமுறையில் வரும் பிள்ளையிடம், “இதற்குச் சான்று எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள்.