பழவேற்காட்டில் சேற்று நண்டு வளர்ப்பு

(பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நண்டு பிடிப்பதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடு முறை வைத்து ஏரியைப் பங்கிட்டுப் பிழைப்பவர்கள் நீங்கள். ஆனால் நண்டு வளர்ப்பது வேறு தொழில். அதனால் ஏரிக்கு நன்மையா, கேடா என்பதே இன்றைய பேச்சு.

அசாமில் காட்டு அகில் மரங்களை வெட்டித் தீர்த்ததால் அவை அரிதாகிவிட்டன. இன்று அங்கே விதையிட்டு, நாற்று வளர்த்து, வீட்டுத் தோட்டங்களிலேயே அகில் பயிரிடுகிறார்கள். நண்டிலும் இதே பாடம்தான்.

கொழுக்க வைத்தல்

தோடு உரித்த நண்டு சதையின்றி நீர் கோத்திருக்கும். அதற்கு விலை குறைவு. அதைப் பெட்டியிலோ வலை அடைப்பிலோ விட்டு, கழிவு மீன் இரையாக இட்டால் மூன்று, நான்கு வாரங்களில் தோடு கெட்டியாகிச் சதை பிடிக்கும். ஒன்றையொன்று தின்னும் இயல்புடையதால் ஒரே அளவுள்ள நண்டுகளையே சேர்த்து விட வேண்டும். ஒளிந்துகொள்ள ஓடு, குழாய்த் துண்டுகள் போட வேண்டும். மிஞ்சிய இரையை அன்றாடம் அகற்ற வேண்டும்.

இதனால் ஒரே நண்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. ஏரியில் நண்டு பெருகுவதில்லை. தேவை கூடியதென்று சிறு நண்டுகளையும் வாரிவந்து அடைத்தால் அடுத்த ஆண்டு வலை வெறுமையாகும். இரைக்கென மீன் குஞ்சுகளை வாருவதும் அவ்வாறே.

பொரிப்பகக் குஞ்சு

சினை முற்றிய பெண் நண்டு முகத்துவாரம் வழியே கடலுக்குச் சென்று இலட்சக்கணக்கில் முட்டை பொரிக்கிறது. ஆகவே முகத்துவாரம் தூர்ந்தால் நண்டு வளமும் குன்றும். ஏரிக் குஞ்சை நம்பாமல் வளர்க்க வழி உண்டு. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் இராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், சீர்காழியை அடுத்த தொடுவாயில் 2013-ஆம் ஆண்டு முதல் நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்திவருகிறது. அக்குஞ்சுகளை முதலில் நாற்றங்கால் குளத்திலும், பின்னர் வளர்ப்புக் குளத்திலும் விட வேண்டும். விற்பனை அளவுக்கு வர ஆறு முதல் எட்டு மாதமாகும்.

குளம் வெட்டுமுன் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் வனத்துறையையும் கேட்டறிவது நல்லது.

சந்தை

உயிர் நண்டு வெளிநாட்டுச் சந்தையை நம்பிய சரக்கு. 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொரோனாவால் சீனாவுக்கு ஏற்றுமதி நின்றபோது விலை சரிந்தது. எனவே கடன் வாங்கிக் கைம்முதல் முழுவதையும் இதில் போடாதீர்கள். சிலர் சேர்ந்து குழுவாக விற்றால் வியாபாரியிடம் பேரம் பேசலாம்.

முடிவாக மூன்று சொல்கிறேன். முட்டை சுமந்த நண்டை ஏரியிலேயே விடுங்கள். சிறு நண்டைப் பிடிக்காதீர்கள். வளர்ப்பதானால் பொரிப்பகக் குஞ்சை வாங்குங்கள். பாட்டுக்கு ஊர்க் கட்டுப்பாடு வகுத்த நீங்கள் இதற்கும் ஒரு கட்டுப்பாடு வகுக்க முடியும். குளம் பெருகி ஏரி வற்றினால் அது வளர்ப்பு ஆகாது.