ஸ்பிரேயருக்கு மாற்று பேட்டரி வாங்குமுன்

அவனியாபுரம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டமானாலும் சரி, மேலூர், வாடிப்பட்டி வட்டாரத்து நெல் வயலானாலும் சரி, முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்பிரேயர் இன்றைக்குப் பலரிடமும் இருக்கிறது. மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்த சமயம். மருந்தைக் கலந்து மாட்டிக்கொண்டு போனால் நாலு வரிசை தாண்டியதும் மோட்டார் முனகி நின்றுவிடுகிறது. கலந்த மருந்தும் வீண், ஆள் கூலியும் வீண். அந்தக் கோபத்தில் டவுனுக்குப் போய், கைக்குக் கிடைத்த பேட்டரியை வாங்கிவிடாதீர்கள்.

முதலில், கெட்டது பேட்டரிதானா என்று பாருங்கள். நாசில், வடிகட்டி அடைத்திருக்கலாம். பியூஸ் போயிருக்கலாம். வயர் முனையில் பச்சை பூத்திருக்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தால், பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டுக் கழற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து, மல்டி மீட்டரில் அளந்து பாருங்கள். ஈய பேட்டரி நல்லதாக இருந்தால் 12.7 வோல்ட் ஒட்டிக் காட்டும். அப்புறம் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டணும். கொஞ்ச நேரத்திலேயே 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுசு முடிந்தது. பேட்டரி வயிறு உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இனி வாங்குகிற விஷயம். கடையில் '12 வோல்ட்' என்று எழுதியிருப்பது எல்லாம் ஒரே சாதி இல்லை. மூன்று வகை உண்டு. ஒன்று, பழைய ஈய பேட்டரி. இரண்டாவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் நாலு செல். முழுச் சார்ஜில் 14.6 வோல்ட். மூன்றாவது, சாதாரண லித்தியம் அயான். இதில் மூன்று செல். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுதான். இந்த மூன்றாவது வகைக்கு, வீட்டில் கிடக்கிற ஈய பேட்டரி சார்ஜரைப் போட்டால் அது 14 வோல்ட்டை ஒட்டித் தள்ளும். அளவுக்கு மீறி ஏறி, சூடாகி, தீயே பிடிக்கலாம். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். ஏரில் பூட்டுகிற மாடு ஜோடி பொருந்தணும் இல்லையா? பேட்டரியும் சார்ஜரும் அப்படித்தான். வகை மாறினால் சார்ஜரையும் மாற்றுங்கள். லித்தியம் என்றால் உள்ளே பாதுகாப்புப் பலகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டிரில்லிங் மிஷினோட 18 வோல்ட் பேட்டரி கையில் இருக்கே, அதை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. 12 வோல்ட் மோட்டார் கருகிவிடும்.

அடுத்தது ஏ.எச். கணக்கு. ஈய பேட்டரியில் 8 ஏ.எச். என்று போட்டிருப்பது, 20 மணி நேரம் மெதுவாகச் செலவழித்தால் கிடைக்கிற அளவு. பம்ப் இரண்டு, மூன்று ஆம்பியர் இழுக்கும்போது அவ்வளவு கிடைக்காது. அதே 8 ஏ.எச். லித்தியத்தில் ஏறக்குறைய முழுசும் கிடைக்கும். எடையிலும் ஈய பேட்டரி இரண்டரை கிலோ வரும். லித்தியம் அதில் பாதிகூட வராது. 16 லிட்டர் தண்ணீரைச் சுமக்கிற முதுகுக்கு இது பெரிய உபகாரம். விலை கூடத்தான். வருஷம் முழுக்க மருந்தடிக்கிற பூ விவசாயிக்குக் கட்டும். வருஷத்தில் நாலைந்து தடவை அடிக்கிறவருக்கு ஈய பேட்டரியே போதும்.

கடைக்குப் போகும்போது பழைய பேட்டரியையும் சார்ஜரையும் கையோடு கொண்டு போங்கள். நீளம், அகலம், உயரம், பிளஸ் மைனஸ் முனை எல்லாம் ஒத்துப்பார்க்கணும். தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடை அலமாரியில் ஒரு வருஷம் சார்ஜ் இல்லாமல் கிடந்த ஈய பேட்டரி, புதுசாக இருந்தாலும் பழசுதான். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் முக்கியம். கோடையில் ஸ்பிரேயர் மூலையில் கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்து, நட்டு முடித்த பிறகுதான் நினைவு வரும். அதற்குள் ஈய பேட்டரி தானாகவே இறங்கி, உள்ளே தகட்டில் உப்புப் படிந்துவிடும். ஆகவே அதை முழுச் சார்ஜில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருதரம் மறுபடி ஏற்றுங்கள். லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் வைத்தால் போதும். எதையும் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். கத்திரி வெயில் சூட்டில் பேட்டரி ஆயுசு பாதியாகக் குறையும்.

பழையதைக் கண்மாயிலோ கிணற்றிலோ போட்டுவிடாதீர்கள். ஈயம் விஷம்; தண்ணீரில் கலந்தால் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் கேடு. லித்தியத்தை உடைக்கவும் கூடாது, நெருப்பில் போடவும் கூடாது. 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. ஈய பேட்டரிக்குக் கடையில் கழிவு விலையும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், வகை, வோல்ட், ஏ.எச்., அளவு, தயாரித்த மாதம் - இந்த ஐந்தையும் பாருங்கள். சார்ஜர் பொருந்துகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பணத்தைக் கொடுங்கள்.